தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லாதவன்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பூக்கூடை வந்து இறங்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய கூடை. விரைவில் குணமடைய வேண்டும் என்று வாழ்த்தி ஒரு அட்டை தொங்கியது. கீழே ஏழெட்டுப் பேரின் கையெழுத்து. ஒருவரையும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு நோயும் இல்லை. அன்று காலையில்தான் இரண்டு மூட்டை உரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் போட்டுவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

அட்டையின் மூலையில் மகள் வேலை செய்யும் கம்பனியின் சின்னம் இருந்தது. மகள் தாரணி அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்தில் தனியாக இருக்கிறாள். உடனே அழைத்தேன்.

"ஐயோ, வீட்டுக்கே அனுப்பிட்டாங்களா? சும்மா சொன்னன் அம்மா. ரெண்டு நாள் லீவு தேவைப்பட்டது. கூட்டாளிகளோட மலைக்குப் போறதுக்கு."

"அதுக்கு என்ன சொன்ன நீ?"

"உங்களுக்குச் சுகமில்ல, நான் பக்கத்துல இருக்க வேணும் எண்டு."

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கக்குள்ள என்னைப் பாயில போட்டிட்டியா?"

"பெரிசா ஒண்டும் சொல்லல்ல அம்மா. நியூமோனியா எண்டுதான் சொன்னன்."

பெரிதாக ஒன்றும் இல்லையாம். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையை நானே சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் புகைந்தது. அடுத்த கணம் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஊளையிடத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மனுஷன் செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஒன்றுமில்லை, சமையல் கருகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகும்போது பூக்கூடையைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூடையை அப்படியே குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

நான் இவ்வளவு கோபப்பட்டது மகளுக்கு விளங்கவில்லை. இங்கே எல்லோரும் சொல்கிற பொய்தானே என்று பிறகு செய்தி அனுப்பினாள். அவள் சொல்வது சரி. இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லாமல் விட்ட ஒருவனை எனக்குத் தெரியும், அவனை நினைத்துத்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. காரணம் அதுதான் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் அரசாங்க வேலை, கணக்குப் பார்க்கிறேன் என்பேன். அமெரிக்காவில் எந்தக் கந்தோர் என்று ஊரில் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. உண்மையில் நான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்கியது ராணுவத்தின் கணக்குப் பிரிவில். சீருடை இல்லை, துவக்கு இல்லை. கதிரையும் கணினியும்தான். ஆனாலும் மட்டக்களப்பின் கரடியனாற்றில் பிறந்து, புளியந்தீவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒவ்வொரு ராணுவச் சென்றியிலும் பஸ்சை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வராது. ராணுவத்தில் வேலை என்று அம்மா சாகும்வரை அவருக்கே நான் சொல்லவில்லை.

இங்கே ராணுவத்தை விட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். எப்படிப்பட்ட விலகல் என்று அதில் இருக்கும். மதிப்போடு போனவர் என்று இருந்தால் வேலை, வைத்தியம், படிப்பு எல்லாவற்றுக்கும் அது திறப்பு. மதிப்பில்லாமல் அனுப்பப்பட்டவர் என்று இருந்தால், காவல்காரன் வேலைக்குக் கேட்டுப் போனாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள், வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். அதை உயர்த்தித் தரும்படி விண்ணப்பிக்கலாம். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து ஆராயும். எங்களைப் போன்ற சிவில் ஊழியர்களையும் அதற்குள் இழுத்துப் போடுவார்கள். என்னை இழுத்துப் போட்டபோது நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சீருடைக்காரர்களின் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, அவர்கள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதைப் பார்க்க ஒரு அற்ப ஆசை இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசை சீக்கிரமே போய்விட்டது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் மகளை விட இளையவர்கள். குடி, கஞ்சா, கைகலப்பு, சொல்லாமல் ஓடிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுவார்கள். நாங்கள் கேட்டுவிட்டு ஆளுக்கொரு வாக்குப் போடுவோம்.

இதையெல்லாம் வெளியே எழுதக்கூடாது. இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன், நடப்பது நடக்கட்டும். ஆளின் பெயரை மாற்றி, சுதன் என்று எழுதுகிறேன். ஊரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

3

போன வருடம் வந்த விண்ணப்பம் அது. சேமப்படையில் இருந்த பையன். சேமப்படை என்றால் முழுநேரச் சிப்பாய் அல்ல. மற்ற நாளெல்லாம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும் முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். தொடர்ந்து பயிற்சிக்கு வராதவன் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பியிருந்தார்கள். மதிப்பில்லாத விலகல்.

பிறந்த இடம் என்ற வரியில் மாங்கேணி என்று இருந்தது.

ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். வாகரைக்குத் தெற்கே, கடலுக்கும் மணலுக்கும் நடுவில் கிடக்கும் ஊர். சீருடையைக் கண்டால் சனம் இன்றைக்கும் வேலிக்குப் பின்னால் போகிற ஊர். அங்கே பிறந்தவன் அமெரிக்க ராணுவத்துக்கு எப்படி வந்தான்? அதுவும் எழுதியிருந்தது. படிக்க வந்திருக்கிறான். அந்தக் காலத்தில் சில மொழிகள் தெரிந்தவர்களைத் தேடிப் படையில் சேர்த்தார்கள், தமிழும் அதில் ஒன்று. சேர்ந்தால் சீக்கிரம் குடியுரிமை. எங்கள் சனத்தை அடையாள அட்டையைக் காட்டு என்று மறிக்க வைத்த மொழி, அவனுக்குக் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அப்படிக் கிடைத்த குடியுரிமைக்கு ஒரு கொக்கி உண்டு. குறித்த காலத்துக்குள் மதிப்பில்லாமல் வெளியே அனுப்பப்பட்டால் அதைத் திரும்பப் பறிக்கலாம். ஆகவே அவன் கேட்டது வெறும் நல்ல பெயரை அல்ல. இந்த நாட்டில் இருக்கலாமா, இல்லையா என்பது எங்கள் மூன்று பேரின் கையில் இருந்தது.

பயிற்சிக்கு ஏன் வரவில்லை? தங்கச்சிக்கு வீடு கட்டப் போனேன் என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான். நான்கு வரி.

அவனுடைய சார்ஜன்டின் வாக்குமூலமும் கூடவே இருந்தது. நல்ல மனுஷன் என்றுதான் நினைக்கிறேன். சுதன் விடுமுறை கேட்டு வந்தபோது, வீடு கட்டுவதற்கெல்லாம் விடுமுறை தர விதியில்லை என்று சொல்லியிருக்கிறார். பிறகு தானாகவே, வீட்டில் யாருக்காவது கடும் நோயா, தாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். நோய் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வாராம். சுதன், இல்லை சேர், அம்மா நல்ல சுகம் என்று சொல்லியிருக்கிறான். பிறகு விடுமுறை இல்லாமலே விமானம் ஏறிவிட்டான். நோட்டீசெல்லாம் பூட்டிய அறைக்கு வந்து கிடந்திருக்கிறது.

குடும்பத்தில் எந்த அவசரமும் இல்லை என்பதை அவரே உறுதி செய்தார். விலகல் உத்தரவில் எழுதியிருந்த வரி இது.

4

கரடியனாற்றில் எனக்கொரு வீடு இருக்கிறது. அண்ணா கட்டிய வீடு.

மட்டக்களப்பில் பிறக்காத வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கலியாணப் பேச்சே வாசலுக்கு வராது. மூத்தவள் கலியாணம் கட்டியதும் தாயும் தகப்பனும் வீட்டை அவளிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன்மார் கட்ட வேண்டும். தங்கச்சிமாருக்கு வீடு எழும்பும்வரை அண்ணன் தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டான். ஆணுக்கு வீடு என்பது பெண்சாதி வீடுதான். அதற்கு முன்னால் அவன் தாய் வீட்டுப் பிள்ளை, தாய் வீடு தங்கச்சி வீடானால் வந்துபோகிற ஆள்.

என் அண்ணா கட்டாருக்குப் போனார். வெயிலில் லொறி ஓட்டி எனக்குக் கல் எடுத்தார், மரம் எடுத்தார். நிலை வைக்கிற அன்று வந்து நின்றார், திரும்பிப் போனார். ஓடு போடும்போது வர முடியவில்லை, தொலைபேசியில் மேசனோடு சண்டை பிடித்தார். எல்லாம் முடிந்து, என்னையும் அமெரிக்காவுக்கு அனுப்பி, அவர் கலியாணம் கட்டும்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. மாங்கேணியில்தான் கட்டினார். அங்கே மச்சாளின் வீட்டில்தான் இருக்கிறார்.

நான் அந்த வீட்டில் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. இங்கே வந்துவிட்டேன். அண்ணா இன்றைக்கும் மாங்கேணியில் இருந்து பஸ் பிடித்துப் போய், கூட்டி, விளக்கேற்றிவிட்டு வருகிறார். முறைப்படி எனக்குப் பிறகு அது தாரணிக்கு. ஒருமுறை அவளிடம் சொன்னேன். "அம்மா, கடைப் பேர்ப்பலகையை வாசிக்கத் தெரியாத ஊருல எனக்கு எதுக்கு வீடு?" என்று கேட்டாள். அவள் மேல் பிழையில்லை. வாசிக்கப் பழக்காதது நானும் அவள் அப்பாவும்தான்.

அந்த விண்ணப்பத்தை வாசித்த அன்று மனசு கேட்காமல் அண்ணாவைக் கூப்பிட்டேன். ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொதுவாகத்தான் கேட்டேன்.

"அண்ணா, கட்டார்ல இருக்கக்குள்ள அம்மாக்குச் சுகமில்ல எண்டு சொல்லி லீவு எடுத்திருக்கிறீங்களா?"

"என்ன கதை கதைக்காய் நீ? பெத்த தாய் கல்லுமாதிரி இருக்கக்குள்ள அப்பிடிச் சொல்ல வாய் வருமா?"

"லீவு தரல்ல எண்டா?"

"தரல்ல எண்டா ஓடி வரலாம். முதலாளிக்கு ஏசலாம். பாஸ்போட் துலைஞ்சிற்றெண்டு சொல்லலாம். தாயைப் படுக்கப் போடலாமா கிளி? வாயில வந்தா வளவுக்குள்ள வந்திரும்."

பொய் சொல்லத் தெரியாத சனம் இல்லை நாங்கள். சென்றியில் சொன்ன பொய்களைச் சேர்த்தால் வாவியை நிரப்பலாம். எங்கே போகிறாய் என்றால் கடைக்கு, பையில் என்ன என்றால் புத்தகம், அண்ணன் எங்கே என்றால் வெளிநாட்டில். ஆனால் உயிரோடு இருக்கிறவருக்கு நோயைச் சொல்லிப் பெற்ற நன்மையை ஒருவரும் பெருமையாகச் சொன்னதில்லை. இதை அந்தச் சார்ஜன்டுக்கு எப்படி விளக்குவது? அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், எங்கள் ஆள் அந்தக் கதவுக்குள் நுழையாமல் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறான்.

5

விசாரணை காணொளியில் நடந்தது. திரையில் ஆளுக்கொரு பெட்டி. குழுத் தலைவர் டேவிட், முன்பு படையில் அதிகாரியாக இருந்தவர், கறாரான ஆள், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். மற்றவர் லிண்டா, என்னைப் போலச் சிவில் ஊழியர். சட்ட ஆலோசகர் ஒருவர் கமராவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். சுதன் சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மெலிந்த முகம். பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை.

தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று சொன்னான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருந்தது. வீடு சுவரோடு நின்றது. மேசன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆவணிக்குள் கூரை ஏறாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். தானே போய்க் கல் சுமந்து, கூரை போட்டு முடித்துவிட்டு வந்தேன் என்றான். பயிற்சிக்குப் போகாதது பிழை, அது எனக்குத் தெரியும் என்றும் சொன்னான். அவனுடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனமாக வந்தது.

"சார்ஜன்ட் உங்களிடம் என்ன கேட்டார்?" என்றார் டேவிட்.

"வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டார், சேர்."

"நீங்கள்?"

"எல்லோரும் சுகம் என்றேன்."

"திரும்பவும் கேட்டாரா?"

"அம்மா எப்படி, யோசித்துச் சொல் என்றார்."

"உங்களுக்கு உதவத்தான் கேட்கிறார் என்று விளங்கவில்லையா?"

"விளங்கியது, சேர்."

லிண்டா குறுக்கே வந்தார். "ஒரு சொல்தானே. அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்கள் எங்கள் முன்னால் இருந்திருக்கவே மாட்டீர்கள். ஏன் சொல்லவில்லை?"

அவன் வாயைத் திறந்தான். "அம்மா சுகமாகத்தான் இருந்தார்" என்றான் மறுபடியும். டேவிட் எதையோ குறித்துக்கொண்டார். அவன் பிடிவாதக்காரன் என்றோ மந்தமானவன் என்றோ அவர்கள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேள்வி கேட்க எனக்கும் உரிமை உண்டு. கேட்டேன்.

"சுகமாக இருக்கிற தாயை நோயாளி என்று சொல்வதை உங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள்?"

ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆனால் என் ஆங்கிலத்துக்குள் கரடியனாறு இன்னும் குந்திக்கொண்டுதான் இருக்கிறது. அவன் முதன்முறையாக என் பெட்டியை உற்றுப் பார்த்தான். முகம் அவிழ்ந்துவிட்டது.

"ஓம் அக்கா! சொன்னாப் பலிச்சிருமே அக்கா. அப்பாவும் இல்ல. எனக்கு அவ ஒராள்தான். அவடத் தலையில கை வெச்சி நான் லீவு எடுக்கிறதா?"

முழுவதும் தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினான். "மன்னிக்க வேண்டும், மேடம்" என்றான் ஆங்கிலத்தில்.

டேவிட் என்னிடம் கேட்டார், நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்கு வீடு என்றால் என்ன என்பதையும் நான்கு வசனத்தில் சொன்னேன். டேவிட் பேனாவைக் கீழே வைத்தார். லிண்டா, தன் தாயும் இப்படித்தான், சில விஷயங்களை வாயில் எடுக்க விடமாட்டார் என்றார். இரண்டு வாக்கு விழுந்தால் போதும். விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது சட்ட ஆலோசகரின் பெட்டியில் முகம் தெரிந்தது. சுதனுக்கு எங்கள் பேச்சுக் கேட்காதபடி ஒலியை அடைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார். அவர் உங்களை எப்படி அழைத்தார்? அக்கா என்று, வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்போம் என்றேன். இவரை முன்பே தெரியுமா? தெரியாது. இவருடைய ஊரில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா?

அந்தக் காணொளியில் இருந்த ஒருவருக்கும் மாங்கேணியை வரைபடத்தில் காட்டத் தெரியாது. இல்லை என்று சொன்னால் கதை அத்தோடு முடிந்தது. யாரும் மட்டக்களப்புக்குப் பறந்து போய் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருக்கிறார்" என்றேன். "என் அண்ணா."

6

உடனே நான் விலக வேண்டும் என்றார்கள். விதி அது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுதனுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. என் பெட்டி அணையும்போது அவன் என்னைப் பார்த்தபடி இருந்தான். என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டு, புதிதாக இன்னொரு நாள் வைத்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் விளக்கியதும் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. விலகியவரின் வார்த்தையைக் கணக்கில் எடுக்க முடியாதாம்.

அன்று முழுக்க என்னை நானே திட்டினேன். பெரிய உண்மை விளம்பி! மகளின் தேர்வுத் தாளில் அவள் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டவள், வரி அலுவலகத்தில் வாயெல்லாம் சர்க்கரையாகப் பேசுகிறவள். சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பொய் வரவில்லை. உண்மையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒன்றும் நான் நினைக்கவில்லை. இருக்கிற அண்ணனை இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை, வேறொன்றும் இல்லை.

இதை என் கணவருக்குச் சொன்னபோது, சரியாகத்தானே செய்திருக்கிறாய், பொய் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்றார். தாரணிக்கு ஆட்கள் யாரென்று சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். "ரெண்டு பேருமே லூசு அம்மா" என்றாள். பிறகு, "பாவம் அவன்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதே பிள்ளைதான் போன கிழமை எனக்கு நியூமோனியா கொடுத்தாள்.

முடிவு வர மாதங்கள் ஆயின. பெயரை மறைத்து எல்லோரும் பார்க்கும்படி போடுவார்கள். தேடி வாசித்தேன். விண்ணப்பதாரரின் குடும்பக் கடமைகளை மதிக்கிறோம் என்று தொடங்கியது. அப்படித் தொடங்கினால் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், நானே எத்தனை எழுதியிருக்கிறேன். குடும்பத்தில் எந்த அவசரமும் இல்லை என்பதை அவரே உறுதி செய்தார். அதே வரி. நிராகரிக்கப்படுகிறது. இரண்டு பேர் எதிர், ஒருவர் ஆதரவு. அந்த ஒருவர் யார் என்று போடவில்லை. அது டேவிடோ லிண்டாவோ என்றால், எனக்குரிய வாக்கும் அங்கே இருந்திருந்தால் மறுபக்கம் சாய்ந்திருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கணக்குப் பிரிவும் தேவையில்லை.

7

பூக்கூடை வந்த மறுநாள் அண்ணா அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். நெல் விலை, மச்சாளின் முழங்கால், வாகரைப் பக்கம் மழை எல்லாம் சொல்லிவிட்டு ஒரு செருமல் செருமினார்.

"இஞ்ச நம்மட ஊருக்கு ஒரு பொடியன் வந்திரிக்கான் கிளி. அமெரிக்காவுல ஆமியில இருந்தவனாம். என்னவோ பிழையெண்டு கலைச்சிட்டாங்களாம். சிற்றிசனையும் பறிக்கப் போறம் எண்டு கடிதம் வந்திரிக்காம். வழக்குப் பேச ஆளில்லாம, பறிக்க முதல் தானாவே வந்திட்டான்."

"எங்க இரிக்கான்?" என்று கேட்டேன்.

"எங்க இரிக்கிற? தங்கச்சிட வீட்டு விறாந்தையில பாயைப் போட்டுப் படுக்கான். அவன் கட்டின வீடுதான். அதைச் சொல்லிக் காட்ட ஏலுமா? மச்சான்காரன் இரிக்கானே. தாய் பின்னுக்குக் கொட்டில்ல. அதுல ஒராள் படுக்கத்தான் இடம். விடிய முதல் எழும்பிப் பாயைச் சுருட்டி வெச்சிட்டுக் கடக்கரைக்குப் போயிருவான், மச்சான் எழும்பக்குள்ள நிக்கக்கூடாதெண்டு."

"கலியாணம் ஒண்டைப் பேசி முடிச்சா..."

"ஆர் குடுப்பாங்க? ஆமியில இருந்தவனுக்கு இந்த ஊருல ஆர் பொண்ணு குடுப்பாங்க? அமெரிக்க ஆமி, இலங்கை ஆமி எண்டு சனம் பிரிச்சா பாக்கும்? பொண்ணு இல்லாட்டி வீடு இல்ல. அவன் அப்பிடியே விறாந்தையிலதான்."

அண்ணா தொடர்ந்தார்.

"நல்ல பொடியன் பாவம். எனக்குப் பக்கத்துல வந்து குந்திருவான். நீ அமெரிக்காவில எண்டு தெரிஞ்சதும் ஒரு விசயம் கேட்டான். அவன்ட விசாரணையில எங்கட பக்கத்து அக்கா ஒராள் இருந்தவவாம். எல்லாத்தையும் வெளங்கிக் கேட்டவவாம். மறுகா திடீரெண்டு எழும்பிப் போயிட்டாவாம். தான் அக்கா எண்டு கூப்பிட்டதுதான் பிழையாப் போச்சா, அவக்குக் கோவமா எண்டு கேட்டுக் கேட்டுத் திரியிறான். தலையக் குடைஞ்சி குடைஞ்சி அதுதான் கதை. நீயும் அவடத்ததானே இரிக்காய். அப்பிடி ஆரையும் உனக்குத் தெரியுமா?"

வெளியே கணவர் புல் வெட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணா காத்துக்கொண்டிருந்தார். கோபமில்லை என்று சொல்லுங்கள் என்று சொன்னால், அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்பார். உங்களால்தான் அண்ணா, நீங்கள் மாங்கேணியில் இருக்கிறபடியால்தான் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது? வெயிலில் லொறி ஓட்டி எனக்கு வீடு கட்டிய மனுஷனுக்கு?

"இல்ல அண்ணா," என்றேன். "அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

"சரி கிளி," என்றார் அண்ணா. "அவனுக்கு அப்பிடியே சொல்லிர்றன்."